பிளஸ் டூ மார்க்கும் வேணும், போர்ட்ஃபோலியோவும் வேணும்: நெல்லைப் பிள்ளைகளுக்கு

"படம் வரைஞ்சா மார்க்கு வந்துருமால?" என்று வீட்டில் கேட்பார்கள். வராதுதான். ஆனால் டிசைன், ஓவியக் கல்லூரிகளில் எது மார்க்கைப் பார்க்கிறது, எது போர்ட்ஃபோலியோவை (நீங்கள் வரைந்ததையும் செய்ததையும் தொகுத்து வைத்த ஃபைலை) பார்க்கிறது என்று தெரியாமல் ரெண்டு பக்கமும் ஓடினால் ரெண்டும் போகும், அதனால் முதல் வேலை, விண்ணப்பிக்கப் போகிற மூன்று நான்கு இடங்களின் விதிமுறையைப் படிப்பது. ஐஐடிகளில் பி.டெஸ் என்கிற டிசைன் பட்டப்படிப்பில் சேர யூசீட் நுழைவுத்தேர்வு ரேங்க்தான் கணக்கு. பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும், எந்த குரூப்பாக இருந்தாலும் எழுதலாம், போர்ட்ஃபோலியோ கேட்க மாட்டார்கள். என்ஐடியில் (தேசிய டிசைன் கல்லூரி, இன்ஜினியரிங் என்ஐடி இல்லை) முதல்நிலைத் தேர்வைத் தாண்டினால் அடுத்து கையால் செய்து காட்டச் சொல்வார்கள். எழும்பூர், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம், அங்கேயும் வரைந்து காட்டணும். போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்த்து நேர்காணல் வைப்பது பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்.

சரி, அதில் என்ன வைப்பது? போனில் இருக்கிற நடிகர் படத்தைக் கட்டம் போட்டுப் பார்த்து வரைந்ததை வைக்காதீர்கள், எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் சரி. எதிரில் இருப்பதை நேரே பார்த்து வரைந்ததைத்தான் அவர்கள் தேடுவார்கள். அதற்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை: கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள் முன்னால் ஒரு காலை முழுக்க உட்காரலாம், திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால் சுவரோவியங்களைப் பார்த்து நிறக்குறிப்பு எடுக்கலாம், காருகுறிச்சியில் மண் குழைக்கிற கைகள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கிற கூட்டம். பாய் நெய்கிறவரை ஒரே ஒரு அழகான படமாக வரைந்து நிறுத்தாமல், விரல் எப்படி மடங்குகிறது, கோரை எங்கே நுழைகிறது என்று தப்பும் தவறுமாகப் போட்ட நாலு பக்கத்தையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அந்த நாலு பக்கத்தில்தான் தெரியும். சுத்தமாக முடித்த படம் மட்டும் இருந்தால் யார் வரைந்தது என்ற சந்தேகமே வரும்.

நேரக் கணக்குக்கு வருவோம். பிளஸ் ஒன் முழுக்க ஸ்கெட்ச் புத்தகத்தை நிரப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளே போதும். பெரிய வேலைகளை மே லீவிலும் காலாண்டு லீவிலும் முடித்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் போர்ட்ஃபோலியோவை மூடிவிட வேண்டும். ஜனவரியில் யூசீட் வரும், பின்னாலேயே திருப்புதல் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த மாதங்களில் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம் பென்சில் மட்டும். கை விட்டுப் போகாமல் இருக்க அது போதும். டியூஷனை நிறுத்திவிட்டு வரைகிறேன் என்று கிளம்பினால் மட்டும் நான் அம்மா பக்கம்தான்.

படங்களை வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். களிமண் வேலைகளை நெல்லை எக்ஸ்பிரஸில் சுமந்துகொண்டு போக முடியாது, மூன்று கோணத்தில் எடுத்த போட்டோ போதும். தாள்களை மட்டும் ஏ3 ஃபைலில் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, படுக்கையில் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் தள்ளினால் யாராவது பெட்டியை ஏற்றிவிடுவார்கள்.