அறுபதுக்கு மேல் மரம் ஏற: இறங்கிப் பார்த்து ஏறுங்கள்

ஒரு கவை (கிளை பிரியும் இடம்) ஏறியதும் அதே வழியில் தரைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு, பிறகே அடுத்த கவைக்குப் போங்கள். பாதம் தரையிலிருந்து மூன்றடி உயர்ந்தாலே உடற்பயிற்சிக்குப் போதும். கீழே துணைக்கு ஒருவர் நிற்கட்டும்.

ஏறும்போது பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது கால் துழாவித்தான் இடம் தேட வேண்டும். சறுக்க வாய்ப்பு அங்கே அதிகம். முன்பே இறங்கிய தடம் காலுக்குப் பழகியிருக்கும், உடம்பைத் தாங்கி மெல்ல இறக்குவதில் தொடையும் வலுப்படும். இரண்டு கை, இரண்டு கால் என நான்கில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். கிளையின் நுனிப்பக்கம் மிதிக்காமல், அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் மிதியுங்கள். வேட்டியென்றால் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

தாழக் கிளைவிட்ட புளி, வேம்பு நல்லவை. முருங்கை வேண்டவே வேண்டாம், பச்சைக் கிளையே சட்டென்று முறியும். பனைக்கு இந்த முறை உதவாது. அது தளைநாரோடு (காலில் மாட்டும் நார் வளையம்) ஏறிப் பழகிய தொழிலாளர்களின் வேலை.

குற்றாலச் சாரல் வீசும் நாட்களில் தென்காசிப் பக்கம் பட்டை வழுக்கும், அப்போது தவிருங்கள். முசுறு எனும் செவ்வெறும்பு கூடு கட்டிய மாமரமும் ஆகாது: கடித்ததும் கை தானாகப் பிடியை விட்டுவிடும். தலைசுற்றல், எலும்பு பலவீனம், மூட்டு மாற்று அறுவை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏற வேண்டாம்.