பீஜ் நிற உள்பாகத்தைக் கறுப்பாக்குவது: எதற்கு எந்தப் பெயின்ட், எங்கே உரியும்

பீஜ் நிற (வெளிர் மணல் நிற) உள்பாகத்தோடு வந்த கார்களில், சில வருடம் போனால் டோர் பேடின் (கதவின் உள்பக்கப் பலகை) அடிப்பக்கம் செருப்பு உரசி அழுக்கேறிவிடும். கை வைக்கும் இடம் பழுப்பாகிவிடும். கழுவிக் கழுவிப் பார்த்து அலுத்தவர்கள்தான் கறுப்பு அடிக்க நினைக்கிறார்கள். தாராளமாக அடிக்கலாம், ஒழுங்காகச் செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் கேன் வாங்கக் கடைக்குப் போகும் முன், பாகத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அது என்ன பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்தில் அச்சு குத்தியிருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றால் வேலை சுலபம். பிபி (PP) என்று தொடங்கினால் அது பாலிபுரொப்பிலீன். மெழுகு மாதிரி, எந்தப் பெயின்டையும் பிடித்துக்கொள்ளாது. டோர் பேடும், கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் பில்லர் டிரிம்மும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி என்று சொல்வதை நம்பவேண்டாம். டால்க் பவுடர் கலந்த பிபி மூழ்கலாம். அச்சில் இருப்பதே சரி.

பிபிக்கு அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பெயின்டைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்கும் அடிப்பூச்சு, கட்டாயம். சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் அந்த வேலையைச் செய்யாது. அது இல்லாமல் அடித்தால் முதல் வாரம் அழகாகத்தான் இருக்கும். பிறகு சாவிக்கொத்து ஒருமுறை உரசினால் தாள் தாளாக உரிந்து வரும். நாலு டோர் பேடுக்கு 400 மில்லி கேன் மூன்று, புரமோட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லரும் சேர்ந்தால் கூட ஒன்று வேண்டும். மேட் (பளபளப்பில்லாதது) அல்லது சாட்டின் (லேசான மினுமினுப்பு) கறுப்பாக வாங்குங்கள். டேஷ்போர்டின் மேல்பக்கத்தில் பளபளப்பு அடித்தால் வெயிலில் அது அப்படியே விண்ட்ஷீல்டில் தெரியும், ரோடு தெரியாது.

இனி கழுவுதல். பாதி நேரம் இதற்கே போகும், போகவும் வேண்டும். இத்தனை வருடம் பூசிய டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது மிச்சமிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் விலகி, வட்ட வட்டமாகக் குழி விழும். முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் வெந்நீரும் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பிளாஸ்டிக்கின் மேலுள்ள தோல் போன்ற பொறிப்பின் இடுக்கு வரை தேய்க்கவேண்டும். பிறகு சாம்பல் நிற ஸ்கஃப் பேடால் (நைசாக உரசும் நார்ப்பட்டை), சோப்போடு சேர்த்தே, மேற்பரப்பின் மினுமினுப்பு போகும்வரை லேசாகத் தேய்க்கவேண்டும். வாட்டர் பேப்பர் போடாதீர்கள். பொறிப்பு அழிந்து அந்த இடம் மட்டும் வழுவழுப்பாகத் தனியே தெரியும். பிபியாக இருந்தால் பஞ்சு மாதிரி இழையும் எழும்பும். அலசிய பின் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கலாம், மறுபடி கழுவுங்கள். ஏடு போலப் பரவினால் போதும். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குமேல் வெறுங்கை படக்கூடாது.

பவர் விண்டோ சுவிட்ச் பட்டையும் கைப்பிடியும் பிசுபிசுவென்று ஒட்டினால் அது அழுக்கு அல்ல. ஃபேக்டரியில் பூசிய, தொட்டால் ரப்பர் போல மெத்தென்றிருக்கும் சாஃப்ட் டச் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்துபோனது. அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது. ஆல்கஹாலில் ஊறிய துணியால் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுப் பிறகுதான் பெயின்ட்.

அடிக்க ஏற்ற நேரம் காலை ஏழு முதல் பத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில். உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் பாகத்தில் படும் முன்பே காய்ந்து மணல் தூவியது போலச் சொரசொரக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தால் ஈரம் படிந்து கறுப்பின்மேல் வெள்ளை பூக்கும். துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போடுங்கள்.

புரமோட்டரை ஒரே ஒரு மெல்லிய கோட், கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் கலர். கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்கவேண்டும். முதல் கோட்டில் பீஜ் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். அதை மறைக்கும் ஆசையில்தான் எல்லோரும் வழியவிடுகிறார்கள். பத்து நிமிட இடைவெளியில் மூன்று அல்லது நாலு மெல்லிய கோட். எல்லாவற்றுக்கும் முன்பு, மேப் பாக்கெட்டின் உள்பக்கத்தில் கையளவு அடித்து, ஒரு நாள் கழித்து மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் கறுப்பு வந்தால் கழுவியது போதவில்லை.

ரெக்ஸின் சீட்டுக்கும் டோர் பேடின் மெத்தைப் பகுதிக்கும் எனாமல் அடிக்கவே கூடாது. ரெக்ஸினுக்கு மென்மை தரும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மேலே கசிந்து எனாமலை இளக்கிவிடும். மாதக்கணக்கில் காயாமல் சட்டையில் ஒட்டும். வினைல் டை என்று விற்பதைத்தான் வாங்கவேண்டும். பேர் டை என்றாலும் அது வளையக்கூடிய ஒரு பூச்சு. அதன் கரைப்பான் ரெக்ஸினை லேசாக இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும்.

லெதர் சீட் என்றால் பெரும்பாலும் ஃபேக்டரியிலேயே நிறப்பூச்சு போட்டதுதான். செருப்புக்கடை டை அதற்குள் இறங்காது. வியர்வையோடு வேட்டியில் இறங்கும். வாட்டர் பேஸ்டு (தண்ணீர் கலந்து செய்த) லெதர் கலரன்ட் வாங்குங்கள். ஆல்கஹாலால் துடைத்து, வெடிப்பை 600 நம்பர் பேப்பரால் சமன் செய்து, லெதர் ஃபில்லர் நிரப்புங்கள். முதல் கோட்டை ஸ்பாஞ்சால் நன்றாகத் தேய்த்து இறக்குங்கள். அடுத்த மூன்று நாலு கோட் மெல்லியதாக, இடையில் ஹேர் டிரையர். கடைசியில் மேட் டாப் கோட் இல்லாவிட்டால் ஏறி இறங்கும் ஓரம்தான் முதலில் வெளுக்கும். துளை போட்ட சீட்டில் ஸ்பாஞ்ச் துளையை அடைத்துவிடும், அங்கே ஸ்ப்ரேதான்.

துணி சீட்டுக்கு எங்கள் யோசனை: சாயம் போடாதீர்கள். கார் சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அதில் சாயம் ஏற ஆலைகளில் சுமார் 130 டிகிரியில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். காருக்குள் பிரஷ்ஷால் தடவுவது மேலே படிந்து விறைத்துப்போகும். அந்தச் செலவில் நல்ல சீட் கவர் தைத்துவிடலாம். கூரைத் துணியும் அப்படியே. கரைப்பான் பட்டால் பின்னாலிருக்கும் பசை விட்டுத் தொங்கிவிடும். துணியை மாற்றுவதே வழி.

சில இடங்களில் கையே வைக்கக்கூடாது. ஸ்டீயரிங் நடுமூடி, டேஷ்போர்டில் ஏர்பேக் மூடி, ஏர்பேக் உள்ள சீட்டின் பக்கத் தையல் இவையெல்லாம் குறித்த இடத்தில் கிழிந்து திறக்கவேண்டியவை. பெயின்ட் அந்தக் கோட்டை இறுக்கும், வெடிக்கும்போது சில்லாக முகத்தில் தெறிக்கும். சீட் பெல்ட்டுக்குச் சாயம் கூடாது, நாடா வலுவிழக்கும். சீட்டைக் கழற்றினால் அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் இருக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்து அந்தக் கனெக்டரை எடுங்கள், திரும்ப மாட்டும்வரை இக்னிஷன் போடாதீர்கள்.

தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும், ஆனால் 24 மணி நேரம் கழித்தே மாட்டுங்கள். ஏர்பேக் உள்ள பில்லரின் கிளிப்புகள் பல கார்களில் ஒருமுறைக்குத்தான். புதிது வாங்கிப் போடுங்கள். முதல் வாரம் கண்ணாடியை விரலளவு இறக்கி நிறுத்தினால் வாடை போகும், விண்ட்ஷீல்டில் புகைப்படலமும் படியாது. அழுக்குப் பட்டால் ஈரத்துணி போதும்.