மலையகத்தில் அகத்திய நட்சத்திரத்தைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமானது அகத்திய நட்சத்திரம். மேலைநாட்டார் கனோபஸ் என்று அழைக்கும் இது நம்மிடமிருந்து ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில் பலர் இதைத் தேடியும் காண முடியாததற்கு மேகத்தையே காரணம் சொல்கிறார்கள். மேகத்தை விடப் பெரிய தடை, நாம் நிற்கும் இடம் என்பதே என் அனுபவம்.

நுவரெலியா ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், அகத்தியம் இங்கே மிக உயர்ந்து நிற்கும்போதும் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. ஆக, மூன்று முட்டி உயரம். தடையற்ற சமவெளியில் ஓரிரவில் பத்தே முக்கால் மணிநேரம் அடிவானத்துக்கு மேல் இருக்கக்கூடிய இந்த நட்சத்திரம், தெற்கே இரண்டு முட்டி உயரத்துக்கு ஒரு மலை மறைத்தால் ஆறு மணிநேரம்கூடத் தெரியாது. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, எதிரே தெற்கில் தேயிலை மலை செங்குத்தாக எழும்பி நிற்கும். அங்கிருந்தே பல ஆண்டுகள் தேடி ஏமாந்த பின், ஒரு ஜனவரி இரவில் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பிரட்டுக்களத்தில் (தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் திடலில்) நின்று திரும்பிப் பார்த்தேன். மலை விளிம்பில் நின்ற நிழல் மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே, அசைவில்லாமல், வெள்ளையாக அது நின்றது. இடத்தை நூறு அடி மாற்றியதே போதுமாக இருந்தது. ஆகவே முதலில் பகலிலேயே தெற்குப் பக்கம் எங்கே திறந்திருக்கிறது என்று முட்டியால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, ஒரு நாள் பார்த்த நேரத்திலேயே மாதக்கணக்கில் தேடுவது. எந்த நட்சத்திரமும் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி உதிப்பதால், மாதத்துக்கு இரண்டு மணிநேரம் முந்திவிடும். டிசம்பர் இறுதியில் நள்ளிரவில் உச்சம் தொடும் அகத்தியம், தைப்பொங்கல் இரவில் 11 மணியளவிலும், பெப்ரவரி இறுதியில் இரவு 8 மணியளவிலும் உச்சத்தில் இருக்கும். சித்திரைப் புத்தாண்டன்று இருட்டியதும் பார்த்தால் அது ஏற்கெனவே தென்மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். மே இறுதி முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரிய ஒளியில் மறைந்திருப்பதால் தேடுவதில் பயனில்லை.

சிரியஸையே அகத்தியம் என்று எண்ணிவிடுவது இன்னொரு தவறு. வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடைக்கச்சை மூன்று நட்சத்திரங்களைத் தென்கிழக்காக நீட்டினால் வருவது சிரியஸ். அங்கிருந்து தெற்கே மூன்றரை முட்டி இறங்கினால் அகத்தியம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேளையில் உச்சமடைவதால், அப்போது ஒன்று மேலும் மற்றது கீழுமாகத் தெரியும். வெள்ளியோ வியாழனோ என்று குழம்பவும் தேவையில்லை, கோள்கள் இவ்வளவு தெற்கே வருவதே இல்லை. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அகத்தியம் தடித்த காற்றினால் சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். அதை விமானம் என்று விட்டுவிடாதீர்கள். யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகளும் தூரத்தில் நட்சத்திரம் போலவே தெரியும். கால் மணிநேரம் கழித்தும் இடம் மாறவில்லை என்றால் அது விளக்கு.

போயா தினத்தின் முழுநிலவுக்கு அஞ்ச வேண்டாம். மங்கலான நட்சத்திரங்களை நிலவு விழுங்கும், அகத்தியத்தை விழுங்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு அது வசதியும்கூட. ஆனால் கைபேசித் திரையையும் டோர்ச் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு உடனே வானத்தைப் பார்ப்பது வீண். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.

மழையைக் கணக்கில் எடுக்கும்போதும் முழு மலையகத்தையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகள் பெரும்பாலும் தெளிந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அப்போது வடகீழ்ப் பருவமழையின் ஈரம் நீடிப்பதால் பெப்ரவரி வரை பொறுப்பது நல்லது. ஆகஸ்டில் இது தலைகீழாகும். மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவ மழையில் நனையும் அக்காலத்தில் பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பகுதி வறண்டிருப்பதால், தெற்கே சமவெளி வரை திறந்து கிடக்கும் ஹப்புத்தளை விளிம்பில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதிகாலை 5 மணிக்கு நின்றால், தென்கிழக்கில் ஒரு முட்டிக்கும் குறைந்த உயரத்தில், நீண்ட மறைவுக்குப் பின் அகத்தியம் மீண்டும் எழுந்திருப்பதைக் காணலாம்.