ஆளைத் தாங்கும் கைகளுக்கும் நலம் வேண்டும்: பராமரிப்புப் பணியாளருக்கான வழிமுறைகள்

முதியவரையோ நோயுற்றவரையோ குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் தொழிலில் பணியாளரின் உடம்பே முதன்மையான கருவி. இடுப்பு வலியோடு தாங்குபவரின் பிடி அவரை அறியாமல் இறுகும். தூக்கமின்றி வந்தவரின் குரல் கடுக்கும். இரண்டும் பராமரிக்கப்படுபவரைத்தான் முதலில் வருத்தும். ஆகவே உங்கள் நலனை ஓய்வு நாளுக்கென்று ஒதுக்கிவிடாமல், பணிமுறையின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள்.

ஆளை இடம் மாற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தொழிலில் முதுகுக் காயம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. சூழ்நிலை மிகச் சாதகமாக இருந்தாலும், ஒருவர் கையால் தாங்கும் நோயாளியின் எடை ஏறத்தாழ 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் வரம்பு வகுத்தனர். வளர்ந்த ஒருவரின் எடை இதைப் போலச் சில மடங்கு இருக்குமாதலால், தனி ஒருவராக முழு உடலையும் தூக்கவே கூடாது. சறுக்கு விரிப்பு, தூக்கு இயந்திரம், இன்னோர் ஆள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தேவை. துணைக்கு ஆள் வரும்வரை காத்திருப்பதை யாரேனும் சோம்பல் என்று சொன்னாலும் தனியே துணியாதீர்கள்.

காலூன்றி நிற்கக்கூடியவரை நாற்காலிக்கு மாற்றும்போது, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். சக்கர நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் நிறுத்தி, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் தடை பூட்டி, கால்தாங்கிகளை விலக்குங்கள். அவர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, முன்னோக்கிச் சாய்ந்ததும், இருவரும் சேர்ந்து மூன்று எண்ணி எழ வேண்டும். உங்கள் கால்கள் அகன்றும் முழங்கால்கள் சற்று மடங்கியும் இருக்கட்டும். முதுகை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள். அவரை அக்குளில் பிடித்து இழுக்கவும் வேண்டாம். பக்கவாதத்தால் தளர்ந்த தோள்மூட்டு அந்த ஓர் இழுப்பிலேயே பாதிக்கப்படலாம்.

கைத்தூய்மையில் சுருக்கம் கூடாது: ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை அணிவது கை கழுவுவதற்கு மாற்றாகாது.

உடுத்தும்போது தளர்ந்த கையை முதலில் நுழையுங்கள். களையும்போது வலுவான கையில் தொடங்குங்கள். மறதிநோய் உள்ளவர் குளிக்க மறுத்தால், வாதாடாமல் விலகிச் சிறிது நேரம் கழித்து வாருங்கள். கட்டாயப்படுத்திக் குளிப்பாட்டுவதை நான் பராமரிப்பாகவே கருதவில்லை.

மனத்தின் களைப்பு மெல்ல வருவதால் கண்ணில் படுவதில்லை. தீராத சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், செய்திறன் குறைந்துவிட்ட உணர்வு என்ற மூன்றையும் பணிச்சோர்வின் கூறுகளாக உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் அறை எண்ணால் குறிப்பிடத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அதை உங்கள் குணக்கேடாக எண்ணிக் குமையாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லி, பணிநேரத்தையோ பொறுப்பையோ மாற்றிக் கேளுங்கள். அடிபடுவதையும் தகாத தொடுதலையும் இந்த வேலையின் இயல்பென்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நடந்ததை நேரத்தோடு அன்றே எழுதிக் கொடுங்கள்.

நெடுநாள் பார்த்துக்கொண்டவர் இறந்துபோனால் துக்கம் வரும். நீங்கள் அவருக்கு உறவில்லை என்பதால் அந்தத் துக்கம் சிறிதாகிவிடாது. அன்றே அடுத்தவரின் பொறுப்பை ஏற்பதற்கு முன், அவரை அறிந்த சக பணியாளர் ஒருவரோடு உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேச அரைமணி நேரம் கேட்டுப் பெறுங்கள்.