பறவைக்குக் குறுக்கே வரும் புல்லும் கிளையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி, தை மாதங்களில் வடுவூர் ஏரிக்கரைக்குப் போனால் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலரைப் பார்க்கலாம். பறவை படத்தில் விழுந்துவிடுகிறது, கூடவே அதன் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோரைத் தாளும். தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லென்ஸ் மூடி, பேட்டரி சமாச்சாரங்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே சரியாகிவிடும்.

நின்ற இடத்திலிருந்தே எடுப்பது

சம்புக்குள் மேயும் நீலத் தாழைக்கோழியை நின்றபடி எடுத்தால் தாள்கள் கோடு கோடாக விழும். பறவையை ஒட்டி நிற்கும் புல் படத்திலும் தெளிவாகத்தான் தெரியும். லென்ஸை ஒட்டி இருக்கும் புல்லோ கரைந்து வெறும் பச்சை மங்கலாகிவிடும். எனவே கரையில் படுத்துக்கொள்ளுங்கள். 400 அல்லது 600 மி.மீ. லென்ஸை முன்னால் உள்ள புல்லுக்கு மிக அருகில் கொண்டுபோய், அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, இடைவெளி வழியே எடுங்கள். அந்தப் புல் நிழலில் இருக்க வேண்டும். வெயில் பட்ட தாள் லென்ஸ் முன்னால் இருந்தால் படம் முழுவதும் வெளிறிப்போகும். பறவையை ஒட்டிய தாளுக்கு வழி நகர்வதுதான். பல நேரம் அரை அடி போதும், கண் வெளியே வந்துவிடும்.

போகஸைக் கேமராவிடம் விட்டுவிடுவது

போகஸுக்குப் பரந்த பகுதியைக் கொடுத்தால் கேமரா கிட்டத்தில் இருக்கும் புல்லைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். ஒற்றைப் போகஸ் புள்ளி வைத்துப் பறவையின் கண்ணில் நிறுத்துங்கள்.

கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில், சித்திரை வெயிலில், புதரில் சின்னான் கூடு கட்டியிருந்தது. ஓர் இளைஞர் பையிலிருந்து கத்தரியை எடுத்துக் கூட்டுக்கு முன்னால் இருந்த இலைகளை நறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு கொப்புதானே அண்ணே, குஞ்சு சரியாத் தெரியல” என்றார். படம் அருமையாகத்தான் வந்தது. மறுநாள் போனபோது கூடு காலி. பக்கத்து மரத்தில் காக்கைகள் இருந்தன.

அந்த இரண்டு கொப்புதான் அந்தக் கூட்டுக்குக் கூரையும் கதவும். இறகு முளைக்காத குஞ்சுக்கு நண்பகல் வெயிலைத் தாங்கும் தெம்பு கிடையாது. நிழல் போய்விட்டால் தாய் இரை தேடப் போகாமல் சிறகை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மறைப்பு போனதும் காக்கை, செம்போத்து, வல்லூறு எல்லாவற்றுக்கும் கூடு தெரிந்துவிடுகிறது. வெட்டவில்லை, நூலால் இழுத்துத்தான் கட்டினேன் என்பவர்களும் உண்டு. வெயிலும் காக்கையும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கேமரா வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு ஏதுமில்லை.

படம் வேண்டுமா? கூட்டை விட்டுவிட்டுத் தாயைப் பாருங்கள். இரையோடு வரும் பறவை பெரும்பாலும் நேரே கூட்டுக்குள் போகாது. சற்றுத் தள்ளி ஒரு குச்சியிலோ கம்பியிலோ உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் போகும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். தூரத்தில் அமைதியாக இருந்து அந்தக் குச்சியைக் குறிவையுங்கள். வாயில் புழுவோடு, முன்னால் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும் பறவை கிடைக்கும். உங்களைப் பார்த்து அது கூட்டுக்குப் போகத் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.

குச்சியைக் கணினியில் அழிப்பது

கண்ணையோ அலகையோ தொட்டு நிற்கும் குச்சி என்றால் படத்தையே விட்டுவிடுங்கள்.

கோடியக்கரைக்குத் தாமதமாகப் போவது

அங்கே சேற்று வெளியில் புல் தொல்லை இல்லை. ஆனால் வெயில் ஏறியதும் கானல் எழும்பிப் பூநாரையின் கால்கள் நெளியும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடியும்போதே அங்கே இருங்கள்.

கதிர் வந்த பிறகு வயலுக்குப் போவது

டெல்டாவில் குறுக்கே புல் நிற்குமா நிற்காதா என்பதைப் பயிர்தான் தீர்மானிக்கிறது. சேற்றுழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் வெட்டவெளியில் மேயும். நட்ட புதிதில் நத்தைக்குத்தி நாரை கால் வரை தெரியும். பயிர் உயர்ந்த பிறகு அதே வயலில் குள்ளமான மடையான் இறங்கினால் தலை தெரிவதே பெரிய காரியம். அப்போது சிலர் நடவுக்குள் இறங்கி நடக்கிறார்கள். அது ஒருவருடைய சாப்பாடு, வரப்பை விட்டு இறங்காதீர்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். எந்த மதகுக் கட்டையில் காலையில் மீன்கொத்தி வந்து உட்காரும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.