நியூட்ரல், செத்த கம்பி அல்ல

டெஸ்டரை வைத்தால் ஒளிரவில்லை, ஆகவே நியூட்ரலில் மின்சாரமே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மின் வேலையில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை குறைவு. ஒருமுனை இணைப்பில் ஃபேஸ் (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி) வழியாக 5 ஆம்பியர் போனால், அதே 5 ஆம்பியர் நியூட்ரல் வழியாகத்தான் திரும்புகிறது. மின்மாற்றியின் பக்கம் இந்தக் கம்பியை நிலத்தோடு இணைத்திருப்பதால் அதன் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. டெஸ்டர் ஒளிராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

நியூட்ரல் இடையில் விட்டுப்போனால் கதையே மாறிவிடும். சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஒரு குண்டு பல்பின் நியூட்ரலை இணைப்புப் பெட்டியில் ஒருவர் கழற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்பு அணைந்துவிடும். ஆனால் ஃபேஸின் அழுத்தம் பல்பின் இழையைக் கடந்து, கழன்ற முனைக்கு வந்துவிட்டது. இப்போது அதே டெஸ்டர் அதே கம்பியில் ஒளிரும். அந்த முனையைத் தொட்டால் கை வழியாக மின்சாரம் பாயும். நியூட்ரலைத் தொடும் முன், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

சுவிட்சை நியூட்ரலில் வைப்பதும் இதே வகைத் தவறுதான். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மட்டும் முழு அழுத்தம் இருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறியவருக்கு அது தெரியாது. சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸ் போடுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

எர்த் கம்பி இல்லாத இடத்தில் பிளக் பாயின்ட்டின் எர்த் துளையை நியூட்ரலோடு முடிந்துவிடுபவர்கள் உண்டு. இதை நான் மன்னிக்கவே மாட்டேன். நியூட்ரல் அறுந்த கணத்தில், சலவை இயந்திரத்தின் இரும்பு உடல் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். நியூட்ரலின் வேலை மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுபோவது. எர்த்தின் வேலை பழுது நேரும்போது காப்பது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

மும்முனை இணைப்பில், மூன்று ஃபேஸ்களிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் ஏறக்குறைய இருக்காது. அதனால் மெல்லிய கம்பி போதும் என்று நினைக்காதீர்கள். கணினி, எல்இடி விளக்கு போன்ற கருவிகள் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் (வழக்கத்தைவிட மூன்று மடங்கு அதிர்வெண்ணில் அலைபவை) நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடுகின்றன. கம்பி சூடேறி இணைப்பு விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்கான கருவிகள் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் பெரும்பங்கு, குறைந்த மின்சாரம் எடுக்கும் கருவியின் மேல்தான் விழும். முதலில் கருகுவதும் அதுதான்.