பழைய கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி: ஐந்து படங்கள், ஒரு வரிசை

காதல், சாகசம், சதி எல்லாம் கலந்த பழைய ஆங்கிலப் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு, அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "மெதுவாகப் போகுது", "பேசுறது பிடிபடல", "எல்லாம் ஒரே சாம்பலா தெரியுது" என்பார்கள். பெரும்பாலும் படத்தின் மேல் தப்பே இருக்காது. டிவியின் அமைப்பு சரியாக இருக்காது, இல்லாவிட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டிய படத்தை முதலில் எடுத்திருப்பார்கள். எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்லியும் இருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் இங்கே சரிசெய்துகொள்வோம். 1935இலிருந்து 1949க்குள் வந்த ஐந்து படங்கள் போதும். ஆனால் வரிசை முக்கியம்.

படி 1: முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

அந்தக் காலப் படங்களின் ஃப்ரேம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய அகலத் திரையில் அதை ஓட்டும்போது இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரத்தான் செய்யும், அதுதான் சரி. "திரை முழுக்கத் தெரியட்டும்" என்று இழுத்துவிட்டால் முகங்கள் உப்பிப்போகும். ஜூம் செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும். படத்தின் அளவை அதன் இயல்பான அளவிலேயே விடுங்கள்.

அடுத்தது, அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியை அணையுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தின் நடுநடுவே டிவி தானாகப் புது ஃப்ரேம்களைச் செருகுவதால், அருமையான படம் கூட சீரியல் மாதிரி ஆகிவிடும். உங்கள் டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டால் போதும். இல்லையென்றால் சினிமா மோட் போட்டு, நிறத்தை 'வார்ம்' பக்கம் வையுங்கள். வெள்ளையில் நீலம் பாயாமல் இருக்கும்.

வண்ணம் பூசிய பதிப்புகளைத் தொடவே வேண்டாம். 'காஸாபிளாங்கா'வுக்கே 1988இல் வண்ணம் பூசி அமெரிக்க டிவியில் ஒளிபரப்பினார்கள். சாம்பலின் எத்தனையோ படிகளை நினைத்துப் பார்த்து விளக்கு வைத்த ஒரு ஒளிப்பதிவாளரின் வேலையை அது அழித்துவிடுகிறது.

அப்புறம், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்தக் கால வசனம் படுவேகம்.

படி 2: 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் தொடங்குங்கள்

1935இல் பிரிட்டனில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த படம், 86 நிமிடம். லண்டனில் தங்கியிருக்கும் கனடாக்காரர் ஒருவரின் வீட்டில், தன்னை ஒற்றர் என்று சொல்லிக்கொண்ட பெண் கொலையாகிறாள். பழி இவர் மேல் விழுகிறது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் உண்மையான ஒற்றர்கள், நடுவில் ஸ்காட்லாந்து நோக்கி ஓட்டம். போகப்போக, இவரை நம்பாத ஒரு பெண்ணோடு ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொள்கிறார். காதல், சாகசம், சதி மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன, ஒரு நிமிடமும் வீணாவதில்லை. மெதுவாகப் போகிறது என்ற புகாருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இந்தப் படத்தில் பழக வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: சொல்லாமல் காட்டப்படுவதைப் பிடிப்பது. ஸ்காட்லாந்தில் ஒரு ஏழை விவசாயி வீட்டில் நாயகன் இரவு தங்குகிறான். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் கிடக்கிறது, அதில் கொலைச் செய்தி. விவசாயி கண்ணை மூடி ஜெபம் சொல்கிறார். அவருடைய இளம் மனைவி செய்தியைப் பார்க்கிறாள், நாயகனைப் பார்க்கிறாள், அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நாயகனுக்கும் புரிகிறது. நடுவில் கணவன் கண்ணைத் திறக்கிறார். இந்தப் பார்வைப் பரிமாற்றத்தை அவர் காதல் என்று எடுத்துக்கொள்கிறார். மூன்று பேர் மனதிலும் மூன்று கதை ஓடுகிறது, வசனமாக வருவது அந்த ஜெபம் மட்டும்தான். அந்தக் காட்சியை நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பாருங்கள். யார் யாரை எப்போது பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

பிணத்தைப் பார்க்கும் வேலைக்காரப் பெண் அலற வாய் திறக்கும் இடத்தையும் தவறவிடாதீர்கள். நம் காதில் விழுவது ரயிலின் ஊதல். அடுத்த ஷாட்டில் ரயில் வந்துவிடுகிறது, நாயகன் ஏற்கெனவே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். ஒரே ஒரு சத்தத்தில் கதை எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்!

படி 3: ஒரு வாள் சண்டைப் படம்

'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா', 1937. பட்டாபிஷேகத்துக்கு முன் அரசர் மயக்கப்படுகிறார். அவரைப் போலவே இருக்கும் ஆங்கிலேயர் ஒருவர் அவர் இடத்தில் உட்கார வைக்கப்படுகிறார். எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' பார்த்தவர்களுக்கு இந்த முடிச்சு பழகியதுதான். ரொனால்ட் கோல்மன் இரட்டை வேடம். வில்லன் பக்கத்து டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் சிரித்துக்கொண்டே கத்தி வீசும் அழகுக்காகவே பார்க்கலாம்.

எச்சரிக்கை: இதே கதையை 1952இல் வண்ணத்தில், ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி திரும்ப எடுத்தார்கள். நீங்கள் தேடும்போது 1937 என்ற ஆண்டைப் பார்த்து எடுங்கள். 1937 படத்தின் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹவ் சீனாவில் பிறந்தவர், பிற்பாடு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். கோட்டைக்குள் நடக்கும் கடைசிச் சண்டையைப் பார்த்தாலே அவருடைய கை தெரியும்.

படி 4: 'காஸாபிளாங்கா', இரண்டு முறை

இப்போது உங்கள் கண் பழகியிருக்கும். 1942இல் வார்னர் பிரதர்ஸுக்காக மைக்கேல் கர்டிஸ் இயக்கிய இந்தப் படம் 102 நிமிடம். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என மூன்று ஆஸ்கர் வாங்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் லிஸ்பன் போகும் விமானத்துக்காகக் காத்துக் கிடக்கும் மொராக்கோ ஊர். அங்கே ஒரு மதுவிடுதி. அதை நடத்தும் ரிக்கை விட்டுப்போன பெண், ஒருநாள் தன் கணவனோடு அதே விடுதிக்குள் நுழைகிறாள். மீதியை நான் சொல்லப்போவதில்லை.

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். எதையும் ஆராய வேண்டாம்.

இரண்டாவது முறை, சில நாள் கழித்து, வெளிச்சத்துக்காகப் பாருங்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் ஒளிப்பதிவாளரிடம் இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. பாத்திரத்தின் நிலைமையைச் சொல்ல அவர் அதைத்தான் நம்பியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முகத்தின் எந்தப் பகுதி இருட்டில் விடப்பட்டிருக்கிறது? கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு காட்சி போதும். பியானோக்காரர் சாம் பழைய பாட்டைப் பாடத் தொடங்கும்போது கேமரா அந்தப் பெண்ணாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன் முகத்தில் நிற்கிறது. நகரவே இல்லை. அவர் எதுவும் செய்வதுமில்லை. விளிம்புகள் மென்மையாகக் கரைந்திருக்கின்றன, கண்களில் மட்டும் சின்னதாக ஒளி மின்னுகிறது. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் அந்த ஒளிப்புள்ளிக்காகவே விளக்கு வைத்திருக்கிறார். அழுகை வருமா வராதா என்று நாம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வண்ணத்தில் இதே ஷாட்டை எடுத்திருந்தால் உடையும் பின்புறமும் கண்ணைப் பங்குபோட்டிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, விடுதி மூடியபின் ரிக் இருட்டில் தனியாகக் குடிக்கும் காட்சி. விமான நிலையத்தின் தேடுவிளக்கு அவ்வப்போது அறைக்குள் வந்து போகும். கதவு திறந்து, வெள்ளை உடையில், வெளிச்சத்தின் நடுவில் அவள் நிற்பாள். ரிக்காக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் எந்தப் பக்கம், அவள் எந்தப் பக்கம் என்பதை வசனத்துக்கு முன்பே வெளிச்சம் சொல்லிவிடுகிறது.

இன்னொரு காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைத்துவிடும். விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். எதிர்ப்பியக்கத் தலைவர் லாஸ்லோ வாத்தியக்காரர்களிடம் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். அவர்கள் முதலாளி ரிக்கைப் பார்க்கிறார்கள். ரிக் தலையை லேசாக அசைக்கிறார், அவ்வளவுதான். விடுதியே எழுந்து நின்று பாடுகிறது. கண்ணீரோடு பாடும் இளம்பெண்ணாக நடித்த மடலின் லெபோ, உண்மையிலேயே 1940இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்தவர். படத்தில் நடித்த ஐரோப்பியர்களில் பலர் அப்படி ஓடிவந்தவர்கள்தான். நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட்கூட, யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். படம் வெளியானபோது போர் முடியவில்லை, யார் ஜெயிப்பார்கள் என்றும் தெரியாது. அதை மனதில் வைத்து அந்த முகங்களைப் பாருங்கள்.

படி 5: மறைக்கப்பட்டதைப் படிக்கப் பழகுங்கள்

1934 நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமையாக அமலாயின, 1968 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. கட்டில் காட்சி கூடாது, நீண்ட முத்தம் கூடாது, குற்றம் செய்தவன் தப்பிக்கக் கூடாது, திருமண பந்தத்தைக் கேவலப்படுத்தக் கூடாது. இது தெரியாமல் பார்த்தால் காதல் காட்சிகள் குழந்தைத்தனமாகத் தோன்றும். தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு இடைவெளியும் பேசும். 'காஸாபிளாங்கா'வில் அவள் ரிக்கின் அறைக்கு வரும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அணைப்பு, உடனே விமான நிலையக் கோபுரத்தின் விளக்கு, திரும்பி வந்தால் ரிக் ஜன்னலருகே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று படம் சொல்வதில்லை. முடிவு நம்மிடம்.

இந்த வித்தையின் உச்சம் ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்', 1946. பெர்க்மன் மறுபடியும், கூடவே கேரி கிரான்ட். முத்தம் சில நொடிக்கு மேல் போகக்கூடாது என்பதுதானே விதி? இருவரும் முத்தமிடுகிறார்கள், விலகுகிறார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், திரும்ப முத்தம், போனை நோக்கி நடக்கிறார்கள், திரும்ப முத்தம். விதியை ஒரு இடத்திலும் மீறாமல் காட்சி இரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. தடையே இல்லாமல் எடுத்திருந்தால் இவ்வளவு நெருக்கம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கதை, நாஜி கும்பலை வேவு பார்க்க அதில் ஒருவரையே மணந்துகொள்ளும் பெண்ணின் கதை. பெரிய விருந்துக் காட்சியில் கேமரா மாடியின் உயரத்தில் தொடங்கி, கூட்டத்தின் மேலே மெல்ல இறங்கி, அவள் இறுக்கிப் பிடித்திருக்கும் கைக்குள் இருக்கும் சாவியில் வந்து நிற்கும். ஒரே ஷாட். அந்த மாளிகையின் மொத்த ஆபத்தும் அந்தச் சாவியில் இருக்கிறது.

படி 6: 'தி தேர்ட் மேன்'

இதை முதலில் பார்த்துவிட்டு ஓடியவர்கள் உண்டு, அதனால்தான் கடைசியில் வைத்தேன். கரோல் ரீட் இயக்கம், கிரஹாம் கிரீன் எழுத்து, 1949. போருக்குப் பின் நான்கு நாடுகள் பங்குபோட்டு ஆண்ட வியன்னா. நண்பனைத் தேடி வரும் எழுத்தாளருக்கு அவன் இறந்துவிட்டான் என்று சொல்கிறார்கள். எப்படி இறந்தான் என்பதில்தான் சிக்கல்.

கேமரா அடிக்கடி சாய்ந்திருக்கும். உங்கள் டிவியில் கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. கல் பதித்த தெருக்களுக்குத் தண்ணீர் அடித்து, இரவு வெளிச்சத்தில் பளபளக்க வைத்தார்கள். இதற்காக ராபர்ட் கிராஸ்கருக்குக் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காலத்தில் வண்ணத்துக்கும் கருப்பு வெள்ளைக்கும் தனித்தனி விருது. பின்னணியில் ஆன்டன் கராஸ் வாசிக்கும் ஸிதர் என்ற தந்தி வாத்தியம் மட்டும்தான், ஆர்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு வாசலின் இருட்டில் யாரோ நிற்கிறார்கள், பூனை ஒன்று அவர் ஷூவை உரசுகிறது, மேலே ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிறது. அதற்கு மேல் சொன்னால் பாவம்.

எடுக்கும்போது நேரத்தைப் பாருங்கள். 104 நிமிடம் என்றால் பிரிட்டிஷ் பதிப்பு, அதுதான் வேண்டும். 93 நிமிடம் என்றால் அமெரிக்காவுக்காக வெட்டியது.

அப்புறம் எங்கே போவது?

நம் ஊருக்கு வாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தைப் போடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னை, ஒரு கொலை, ஒரே ஆளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படும் கதை. பாட்டே கிடையாது. சிவாஜி கணேசனின் முகம் எப்போது முழு வெளிச்சத்திலும் எப்போது பாதி நிழலிலும் வருகிறது என்று, 'காஸாபிளாங்கா'வுக்குக் கேட்ட அதே மூன்று கேள்விகளோடு பாருங்கள். யார் சொல்லும் கதையில் அந்த முகம் எப்படி மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், இரண்டாவது முறை பார்க்கும்போது படம் இன்னும் நன்றாகத் திறக்கும்.